ஹெப்பாளில் உருவாகும் உருளும் இல்லம்

மைசூர் என்றவுடன் நம்மவர் மனக்கண்முன் வந்து நிற்பவை அரண்மனையும், சாமுண்டி மலையும், பிருந்தாவனப் பூங்காவும் ஆகும். ஊரிலிருந்து வரும் உறவினரை நாம் அழைத்துச் சென்று காட்டுவதும் அவற்றையே. நகரின் வடமேற்கே உள்ள ஹெப்பாள் தொழிற்பேட்டையைக் காண்பிக்க எவரும் முற்படுவதில்லை. ஆயினும், பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களுள் சிலவற்றுக்கு நாள்தோறும் அடுப்பு எரிவது அப்பேட்டையினால்தான். சென்ற திங்களில் ஒரு ஞாயிறன்று, நம் அன்பர் ஒருவர் தம் குடும்பத்துக்காக அங்கே அமைத்துவரும் உருளும் இல்லத்தைக் காணச் சென்றோம். கண்டவையும் கேட்டவையும் நம் இல்லத்தார் பலருக்கும் பயன்படும் என்று தோன்றியமையால் இங்கே எழுதலாயினோம்.

நகரிலிருந்து கிருஷ்ணராஜசாகரச் சாலை வழியே செல்வோர் முதலில் புகைவண்டி அருங்காட்சியகத்தைக் காண்பர். 1979ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அக்காட்சியகத்தில், 1899ஆம் ஆண்டைச் சேர்ந்த மைசூர் மகாராணியாரின் தனிப்பெட்டி இன்றும் பேணப்பட்டு வருகிறது. சமையலுக்கும் உணவுக்கும் உறக்கத்துக்கும் அதில் இடம் உண்டு. சக்கரத்தின்மேல் வீடு என்பது நேற்றுத் தோன்றிய எண்ணமன்று என்பதற்கு அப்பெட்டியே சான்று. அன்று அரச குடும்பத்துக்கு மட்டும் கைகூடிய ஒன்றை, இன்று பேட்டையில் உழைக்கும் குடும்பமும் எண்ணிப் பார்க்க முடிகிறது. வேறுபாடு அவ்வளவே.

சுற்றுச்சாலையைக் கடந்தால் தொழிற்சாலைகளின் நீண்ட மதில்களும், இன்போசிஸ் நிறுவனத்தின் பரந்த பயிற்சி வளாகமும் தென்படுகின்றன. கழிவுநீர் தேங்கிக் கிடந்த ஹெப்பாள் ஏரி, இன்போசிஸ் அறக்கட்டளையின் பொருளுதவியால் சீர்செய்யப்பட்டு, கரையில் நடைபாதையும் பெற்றுப் பொலிவுடன் விளங்குகிறது. பேட்டையின் உட்தெரு ஒன்றில், தகரக் கூரை வேய்ந்த சிறு பட்டறையில், இருக்கைகள் கழற்றப்பட்ட டெம்போ டிராவலர் வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. இத்தகைய வண்டியை மேனாட்டார் கேம்பர் வேன் என்பர். திரைப்பட நடிகர்களின் கேரவனைக் கண்டவர்களுக்கு அதன் சிறிய தம்பி என்று சொன்னால் எளிதில் விளங்கும்.

தேவை எது?

வண்டியைப் பற்றிக் கூறுமுன், அது எதற்காக என்பதைக் கூறுதல் வேண்டும். நம் அன்பரின் தாயாருக்கு அகவை 72. நீரிழிவுக்காக நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். குளிர்காலத்தில் மூச்சிரைப்பும் உண்டு. ஆதலால் நெபுலைசர் என்னும் சிறு கருவியும் உடனிருத்தல் வேண்டும். அவருடைய பிறந்த ஊர் கரூருக்கு அப்பால் உள்ளது. மூன்றாண்டுகளுக்கு முன் கோடையில் பேருந்தில் ஊருக்குச் சென்றபோது, பையில் பனிக்கட்டியுடன் வைத்திருந்த மருந்து வழியிலேயே வெப்பத்தால் கெட்டுப்போயிற்று. அதை அறியாமல் போட்டுக்கொண்டதன் விளைவாக, உறவினர் வீட்டில் தங்க வேண்டியவர் இரண்டு நாள் மருத்துவமனையில் தங்கினார். அதன்பின் அவர் ஊருக்குச் செல்லவேயில்லை. வருகிற வைகாசியில் அவருடைய தம்பியின் பேத்திக்குத் திருமணம். அதற்கு எப்படியும் சென்றாக வேண்டும் என்பது அம்மையாரின் விருப்பம்.

மகனோ தாயின் மீதுள்ள அன்பினால், கடைக்காரர் எழுதிக் கொடுத்த நீண்ட பட்டியலுடன் பட்டறைக்கு வந்திருந்தார். ஏசி, மின்சார அடுப்பு, தொலைக்காட்சி, வெந்நீர்க் கொதிகலம் ஆகிய யாவும் அதில் இருந்தன. பட்டறையின் மிஸ்திரி கன்னடத்தவர்; தமிழும் நன்றாகப் பேசுகிறார். அவர் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அம்மையாரைப் பார்த்து, "அம்மா, வண்டியில் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார்.

"எனக்கு ஏசி வேண்டாம் தம்பி. மருந்து கெடாமல் இருந்தால் போதும். ராத்திரியில் மூச்சு முட்டினால் அந்த மிஷின் ஓட வேண்டும். காலையில் ஒரு சட்னி அரைக்க முடிந்தால் நல்லது" என்றார் அம்மையார்.

இவ்விடையிலிருந்தே திட்டம் பிறந்தது என்று கூறினால் மிகையாகாது.

செலவுக் கணக்கு

குடும்பத்தின் வரவு செலவைப் போலவே மின்சாரத்துக்கும் கணக்கு உண்டு. வரவு தெரியுமுன் செலவைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது இங்கு விதி. ஒரு பொருள் எத்தனை வாட் இழுக்கிறது, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்னும் இரண்டையும் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். ஆயிரம் வாட்-மணி சேர்ந்ததே நம் வீட்டு மின்கட்டணச் சீட்டில் காணும் ஒரு யூனிட். மிஸ்திரி சுவரில் கரித்துண்டால் எழுதிய நாட்கணக்கு வருமாறு:

குளிர்ப்பெட்டி, 50 லிட்டர்: 45 வாட், 11 மணி ஓட்டம் — 500
மின்விசிறி இரண்டு: 20 வாட் வீதம், 8 மணி — 320
விளக்கு நான்கு: 5 வாட் வீதம், 5 மணி — 100
கைப்பேசிகளும் மடிக்கணினியும் — 150
நெபுலைசர்: 120 வாட், 40 நிமிடம் — 80
மிக்ஸி: 600 வாட், 5 நிமிடம் — 50
தண்ணீர்ப் பம்பு: 60 வாட், 15 நிமிடம் — 15

கூட்டினால் 1,215. இன்வர்ட்டரில் வீணாகும் சிறு பங்கையும் சேர்த்து 1,250 வாட்-மணி, அதாவது ஒன்றேகால் யூனிட் என்று கொண்டார். குளிர்ப்பெட்டி நாள் முழுவதும் இருந்தாலும் அதன் இயந்திரம் விட்டுவிட்டுத்தான் ஓடும். கோடை வெப்பத்தை எண்ணியே 11 மணி என்று எழுதப்பட்டது.

இனி ஏசியை எண்ணிப் பார்ப்போம். வண்டிக்குரிய சிறிய ஏசியும் ஏறக்குறைய 1,000 வாட் இழுக்கும். இரவு 8 மணி நேரத்தில் பாதிப் பொழுதே அது இயங்குவதாகக் கொண்டாலும் 4,000 வாட்-மணி ஆகிறது. மற்ற எல்லாப் பொருள்களின் ஒருநாட் செலவைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்! ஏசிக்காக மின்கலத்தைப் பெருக்கினால், அதை நிரப்பத் தகடுகளைப் பெருக்க வேண்டும். தகடுகளுக்குக் கூரையில் இடம் போதாது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும். மகன் ஒன்றும் பேசாமல் ஏசியையும் மின்சார அடுப்பையும் பட்டியலிலிருந்து நீக்கினார்.

கலமும் அதன் குணமும்

வீட்டு இன்வர்ட்டர்களில் நாம் பழகியவை ஈயமும் அமிலமும் கொண்ட பாட்டரிகள். அவற்றைப் பாதிக்கு மேல் அடிக்கடி வடியவிட்டால் ஆயுள் குறையும். 150 ஆம்பியர்-மணி கொண்ட இரண்டு பாட்டரிகளை வைத்தால், பயன்கொள்ளத் தக்கது 1,800 வாட்-மணியே. ஒவ்வொன்றின் எடையோ 50 கிலோவுக்கு மேல். லித்தியம் இரும்புப் பாஸ்பேட் வகையைச் சேர்ந்த 200 ஆம்பியர்-மணிக் கலம் 12.8 வோல்ட்டில் 2,560 வாட்-மணி கொள்ளும். அதில் ஐந்தில் நான்கு பங்கை அச்சமின்றிப் பயன்படுத்தலாம், அதாவது 2,048. எடை ஏறக்குறைய 25 கிலோ. வெயிலே காணாவிடினும் ஒன்றரை நாளுக்கு அது போதும். விலை கூடுதலாயினும், சில ஆயிரம் முறை நிரப்பி வடிக்கும் ஆயுள் அதற்கு உண்டு.

லித்தியம் அயனி மின்கலம் முதன்முதல் சந்தைக்கு வந்தது 1991ஆம் ஆண்டு. அதற்கு அடிப்படையான ஆராய்ச்சிக்காக 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கு வழங்கப்பெற்றது. அவ்வாண்டு ஸ்டாக்ஹோமில், முதியவரான குட்இனஃப் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் ஒரு தமிழர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். அவர் தென்தமிழ்நாட்டின் அமராபுரம் என்னும் சிற்றூரில் பிறந்த பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம். மதுரையில் பட்டப்படிப்பும், சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்று, 1985இல் ஆக்ஸ்போர்டு சென்று குட்இனஃபுடன் சேர்ந்து, பின் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நிலைபெற்றவர் அவர். சல்பேட் போன்ற தொகுதிகளைக் கொண்ட இரும்புச் சேர்மங்களில் மின்னழுத்தம் உயர்வதை 1980களில் அவ்விருவரும் காட்டினர். அவ்வழியே சென்று, 1997ஆம் ஆண்டு பாதி, நஞ்சுண்டஸ்வாமி, குட்இனஃப் ஆகியோர் இரும்புப் பாஸ்பேட் கலத்தைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். நஞ்சுண்டஸ்வாமி என்னும் பெயரைக் கேட்டவுடன் மைசூர்வாசிகளுக்கு நஞ்சன்கூட்டுக் கோயில் நினைவுக்கு வரும்!

இவ்வகைக் கலம் எளிதில் தீப்பற்றாத இயல்பினது. உறங்கும் இடத்துக்கு அருகில் வைக்க இதைத் தேர்ந்ததன் காரணமும் அதுவே. ஆயினும் இதற்கும் சில குணங்கள் உண்டு. முதலாவது, நீர் உறையும் குளிரில் இதற்கு மின்சாரம் ஏற்றலாகாது. ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து கலத்தைக் கெடுக்கும். நம் நாட்டில் அக்கவலை எதற்கு என்று கேட்கலாம். மைசூரிலிருந்து சில மணி நேரத்தில் சென்றடையும் உதகமண்டலத்தில், மார்கழி, தை மாதங்களில் புல்லின்மேல் உறைபனி படிவதை நாம் அறிவோம். ஆதலால் குளிரில் ஏற்றத்தைத் தானே நிறுத்தும் காவல் பலகை உள்ள கலமே வாங்கப்படுகிறது. இரண்டாவது, கடும் வெப்பத்தில் ஆயுள் குறையும். ஆகையால் என்ஜினுக்குத் தொலைவில், காற்றோட்டமுள்ள இருக்கைப் பெட்டிக்குள் அதற்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. மூன்றாவது, கலம் வடியும்போது வோல்ட் அளவு நெடுநேரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வோல்ட்டைப் பார்த்து இருப்பை அறிய இயலாது. போகும் ஆம்பியரையும் வரும் ஆம்பியரையும் எண்ணிச் சொல்லும் ஷன்ட் மீட்டர் ஒன்று வேண்டும். அது இல்லாத வண்டி, கணக்குப் புத்தகம் இல்லாத கடையை ஒக்கும்.

லித்தியம் கனிமம் மைசூருக்கு அண்மையில் மண்டியா மாவட்டத்து மார்லகல்லா பகுதியில் 1,600 டன் இருப்பதாக அரசின் அணுக்கனிம ஆய்வுத்துறை மதிப்பிட்டுள்ளது. மதிப்பீடு வேறு, சுரங்கம் வேறு. எனினும் வண்டிக்குள் வைக்கும் பொருளின் மூலம் நம் காலடி மண்ணிலும் உண்டு என்பது வியப்பே.

கதிரவன் தரும் வரவு

மைசூர்ச் சீமைக்கு மின்சாரம் புதிதன்று. பாலக்காட்டுச் சீமையில் பிறந்த திவான் சேஷாத்திரி ஐயரின் முயற்சியால் தொடங்கிய சிவசமுத்திர நீர்மின் நிலையம், 1902ஆம் ஆண்டு காவிரியின் ஆற்றலை ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்குக் கம்பி வழியே அனுப்பியது. அவ்வயலில் பாடுபட்டவர்களுள் தமிழர் மிகப் பலர். 1908இல் மைசூர் நகரமும் மின்விளக்குப் பெற்றது. அன்று மின்சாரம் கம்பியைத் தேடி வந்தது. கம்பி இல்லாத காட்டு வழியில் நம் அன்பருக்குக் கதிரவனே துணை.

மைசூரில் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் தகட்டின்மேல் எழுதியுள்ள வாட் அளவு முழுமையாகக் கைக்கு வாராது. வெயிலில் தகடு சூடேற ஏற, ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் சிறிது சிறிதாக ஆற்றல் குறையும். தூசியாலும் கம்பியாலும் இன்னும் இழப்பு உண்டு. எனவே பத்தில் ஏழு பங்கையே எண்ணுதல் அறிவுடைமை. 400 வாட் தகடு, 5 மணி, ஏழு பங்கு; பெருக்கினால் 1,400 வாட்-மணி. செலவு 1,250. வரவு சற்று மிகுகிறது. 200 வாட் தகடுகள் இரண்டை வண்டியின் கூரை தாராளமாகத் தாங்கும். நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருத்தலால், தகட்டைச் சாய்க்காமல் கிடையாகப் பொருத்தினாலும் பெரிய இழப்பு இல்லை. அடியில் காற்றுப் புக இடைவெளி விட்டால் போதும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. வண்டியை மரநிழலில் நிறுத்தினால் உள்ளிருப்போர்க்கு இதம், தகட்டுக்கோ பட்டினி. தகட்டின் ஒரு மூலையில் கிளையின் நிழல் விழுந்தாலும் வரவு வெகுவாகக் குறையும். ஆதலால் இரு தகடுகளையும் இணையாகப் பிணைத்து, ஒன்றின் நிழல் மற்றொன்றைப் பாதிக்காதவாறு செய்திருக்கிறார்கள். தகட்டுக்கும் கலத்துக்கும் நடுவே எம்.பி.பி.டி. வகை ஏற்றக் கருவி ஒன்று நின்று, கிடைக்கும் ஒளியில் மிகுந்த பயனைக் கறந்து தரும்.

மழைக்காலத்தில் 3 மணி வெயிலே கிடைத்தால் வரவு 840 வாட்-மணியாகச் சுருங்கும். குறையும் 410ஐ ஓடும் என்ஜின் ஈடுசெய்யும். ஆனால் என்ஜினின் ஆல்டர்னேட்டரை நேரே லித்தியம் கலத்துடன் இணைத்தல் கூடாது. பசித்தவன் சோற்றை அள்ளுவதுபோல் கலம் மின்சாரத்தை அள்ளும். ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். நடுவே 30 ஆம்பியர் அளவுள்ள டி.சி. ஏற்றக் கருவி ஒன்றை வைத்தால், ஒரு மணி நேர ஓட்டத்தில் ஏறக்குறைய 400 வாட்-மணி சேரும். நின்றபோது வண்டியின் சொந்த பாட்டரியும் வடியாது.

காவலும் கட்டுப்பாடும்

வீட்டில் 1,000 வாட் இழுக்கும் பொருளுக்கு 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்குள் போதும். அதே 1,000 வாட் இன்வர்ட்டர் 12.8 வோல்ட் கலத்திலிருந்து 85 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வண்டியில் தீ மூளுவதன் மூலம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. வீட்டுக் கம்பியை அங்கே போட்டால் அது அடுப்புக் கம்பியாகிவிடும். ஆதலால் இன்வர்ட்டருக்கு 35 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள செப்புக் கம்பி, இயன்ற அளவு குறுகிய நீளத்தில் இடப்படுகிறது. கலத்தின் வாயிலிலேயே 125 ஆம்பியர் பியூஸ் ஒன்று. மற்றக் கிளைகளுக்குத் தனித்தனிச் சிறு பியூஸ்கள். எல்லாவற்றையும் ஒரே கையசைவில் துண்டிக்கும் பெரிய சுவிட்சு அம்மையாரின் கைக்கும் எட்டும் இடத்தில் உள்ளது. பியூஸ் கம்பியைக் காப்பதற்கே அன்றிக் கருவியைக் காப்பதற்கன்று என்று மிஸ்திரி இருமுறை சொன்னார்.

சட்டத்தின் கட்டுப்பாடும் உண்டு. பதிவுச் சான்றில் கண்டபடி அன்றி வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆதலால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எழுத்து அனுமதியைப் பெற்றபின்பே இருக்கைகள் கழற்றப்பட்டன. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவிக்கப்பட்டது. நம் அன்பர்கள் இதனை அலட்சியம் செய்யலாகாது. பின்னர் விபத்து நேரின் இழப்பீடு கிடைப்பதே ஐயமாகிவிடும்.

வழியும் பொழுதும்

இத்துணை ஏற்பாடும் ஓர் இரவுக்காகத்தான் என்று சொன்னாலும் பொருந்தும். மைசூரிலிருந்து கரூருக்குச் செல்வோர் சாமராஜநகர் வழியே திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சத்தியமங்கலத்தை அடைகின்றனர். புலிகள் வாழும் அக்காட்டின் நலன் கருதி, சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2022ஆம் ஆண்டு முதல் இரவுப் போக்குவரத்துக்கு அங்கே தடை உண்டு. சிறிய வண்டிகளுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை. உதகை செல்லும் பந்திப்பூர்ச் சாலையிலும் அவ்வாறே இரவு 9 முதல் 6 வரை தடை இருக்கிறது. வழியில் டயர் வெடித்துச் சிறிது நேரம் தாமதித்தாலும், சோதனைச் சாவடிக்கு முன் இரவு முழுவதும் காத்திருக்க நேரிடலாம். என்ஜினை ஓடவிட்டுக் காத்திருப்பது காட்டுக்கும் நல்லதன்று, உள்ளே உறங்குவோர்க்கும் நல்லதன்று. அவ்விரவில் மருந்து 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும், உறைந்துவிடவும் கூடாது. மூச்சு முட்டினால் நெபுலைசர் ஓட வேண்டும். அப்பொழுது கலத்தில் போதிய இருப்பு உண்டா என்பதே கேள்வி. சுவரில் கரித்துண்டால் எழுதிய கணக்கு அதற்கு 'உண்டு' என்று விடை கூறுகிறது.

கணக்கு மட்டும் போதாது, சோதனையும் வேண்டும் என்பது மிஸ்திரியின் கருத்து. வண்டி முடிந்ததும், பட்டறை முற்றத்திலேயே மூன்று நாள் வீட்டு மின்சாரம் இன்றி நிறுத்தப்படும். குளிர்ப்பெட்டிக்குள் மருந்துக்குப் பதிலாகத் தண்ணீர்ப் புட்டியும் வெப்பமானியும் வைத்து, காலையும் மாலையும் நள்ளிரவும் அளவு குறிக்கப்படும். ஒருநாள் தகடுகளைத் துணியால் மூடி, மழைநாளைப் போலவும் சோதிப்பர். இவற்றில் தேறினாலன்றி மலைப்பாதையில் இறங்குவதில்லை என்று முடிவு செய்துள்ளனர்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மையார், தம் பங்குக்கு ஒரு சிறு மண்பானையும் வண்டியில் வரும் என்று அறிவித்தார். ஈர மணலை நிரப்பி அதனுள் மருந்துப் புட்டியை வைத்தால், மின்சாரம் நின்றுவிடினும் வெளி வெப்பத்தினும் பல பாகை குறைவாகச் சில நேரம் காக்கலாம் அல்லவா? குளிர்ப்பெட்டிக்கு அது ஈடாகாது. ஆயினும் ஆபத்துக்கு உதவும். மிஸ்திரி அதனை மறுக்கவில்லை. குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்திலேயே பானை உருளாதிருக்க ஒரு மரவளையம் அமைத்துத் தருவதாகக் கூறினார்.

அயலூரில் வாழும் நமக்கு ஊர்ப்பயணம் என்பது பொழுதுபோக்கன்று. திருமணத்தில் ஓர் ஆசி, இழவில் ஒரு கண்ணீர், திருவிழாவில் ஒரு தேர்வடம் ஆகியவற்றால் நம் வேர்கள் ஈரம் காண்கின்றன. முதியவர்கள் அதற்கு இயலாமற்போவது குடும்பம் முழுவதற்கும் இழப்பாகும். இத்தகைய வண்டி எல்லாருக்கும் கைகூடாது, கைகூட வேண்டியதுமில்லை. ஆனால் வாடகை வண்டியில் செல்வோரும், மருந்துக்கெனச் சிறு குளிர்ப்பெட்டியும் அதற்கேற்ற சிறு லித்தியம் கலமும் கொண்டு செல்லலாம். அதற்கும் இதே கணக்கு முறைதான். கடைக்காரரின் பட்டியலைக் கையில் எடுக்குமுன், பயணம் செய்யும் முதியவரிடம் 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று ஒருமுறை கேட்போமாக. வைகாசியில் அம்மையாரின் பயணம் இனிது நிறைவேறுக என்று நம் இல்லங்கள் யாவும் வாழ்த்துகின்றன.